படக்காரி சண்டையை நிறுத்தினாள்

என் நாத்தனாருக்கு எங்கள் வீட்டில் பெயர் படக்காரி. சினிமாவுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. கொட்டகையில் விளக்கை அணைத்தால் தூங்கிவிடுவாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பது அவள் வேலை. ஊரார் வயிற்றுக்குள்ளும் கழுத்துக்குள்ளும் என்ன இருக்கிறது என்று நாளெல்லாம் படம் பிடிக்கிறாளே என்று அவளுடைய அண்ணன், அதாவது என் கணவர், ஒருநாள் கேலியாக வைத்த பெயர் அது. வைத்தவர் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்று தெரிந்த பிறகு எப்படி மறப்பது?

மாடியில் இருப்பது ஒரே அறை. அதில்தான் அவள் இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். ஏன் என்று குடைந்த சொந்தக்காரர்களிடம், ஆண்களை உள்ளே வரைக்கும் பார்த்துவிட்டேன், விசேஷமாக ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினாள். அந்த ஒரு பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். ஆனால் பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளும் வழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை. நாங்கள் சண்டை போடுகிறவர்கள்.

பெரிய விஷயங்களுக்குச் சண்டை வராது. என் மாமனார் படுத்த படுக்கையாய் இருந்தபோதும், இவருக்கு வேலை போய் வீட்டில் உட்கார்ந்தபோதும் நாங்கள் இருவரும் ஒரே ஆள் மாதிரி நின்றோம். எங்களுக்குச் சண்டை வர ஜன்னல் போதும். எனக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அவளுக்கு மூடியிருக்க வேண்டும். துவைத்த துண்டை நான் நீளவாக்கில் மடிப்பேன், அவள் அதைப் பிரித்து அகலவாக்கில் மடிப்பாள். டீயில் சர்க்கரை, வாசலில் செருப்பு, கதவின் தாழ்ப்பாள், எதுவும் மிச்சமில்லை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய் வருகிறவன், வீட்டுக்கு வந்தும் மாடிக்கும் கூடத்துக்கும் தூது போக முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

வெளியே அவள் வேறு ஆள். ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால் அவளைத் தங்கம் என்பார்கள். முதலில் அங்கே டோக்கன் கொடுக்கும் வேலையில்தான் சேர்ந்தாள். பயந்து நடுங்கிக்கொண்டு வந்தவர்கள் இவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அமைதியாக உட்காருவதைப் பெரிய டாக்டரம்மா பார்த்திருக்கிறார். படங்களைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் அவர்தான். நீ ஏன் இந்தப் படிப்பைப் படிக்கக் கூடாது என்று அவரே மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார். பரீட்சைக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தாள். ஈரலும் மண்ணீரலும் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டன.

ஸ்கேன் அறை எப்போதும் அரை இருட்டாக, குளிராக இருக்கும். தடவுகிற பசையை அப்படியே வைத்தால் ஐஸ் வைத்த மாதிரி இருக்கும் என்பதால், அந்தப் பாட்டிலை வெந்நீர்க் குவளையில் நிறுத்தி வைத்திருப்பாள். படுத்திருப்பவர் மேல் கருவியை நகர்த்தத் தொடங்கியதும் வாயைத் திறந்தால் முடிக்கும் வரைக்கும் மூடமாட்டாள். குழந்தைகள் என்ன படிக்கிறார்கள், பஸ்ஸில் கூட்டமா, செருப்பு எங்கே வாங்கினீர்கள் என்று என்னத்தையாவது பேசுவாள். கை அது பாட்டுக்கு வேலை செய்யும். திரையில் என்ன தெரிந்தாலும் பேச்சின் வேகம் மாறாது. ஏன் இப்படித் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். பேச்சு நின்றால் படுத்திருப்பவர்களுக்கு மூச்சே நின்றுவிடுகிறது, என் முகத்தைத்தான் அவர்கள் ரிப்போர்ட்டாகப் படிக்கிறார்கள் என்றாள். வெளியே தேன், வீட்டுக்குள் தேள் என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்து, அதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.

இப்படி ஒருத்தி குடும்பத்தில் இருந்தால் சும்மா விடுவார்களா? எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் அவளை ஓரங்கட்டி, உறையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டுவார். போனில் அனுப்புகிறவர்கள் தனி. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: இந்தக் கட்டி நல்லதா, கெட்டதா? அவளுக்கும் ஒரே பதில்தான்: இது படம். தண்ணீர் கோத்த வெறும் பையாக இருந்தால் மட்டும், இது தண்ணீர்தான் என்பதைப் படமே தெளிவாகக் காட்டிவிடும், டாக்டரும் அதையேதான் எழுதுவார், பயப்படாதீர்கள் என்பாள். மற்ற எதற்கும் வாயைத் திறக்கமாட்டாள். நிழலைப் பார்த்தால் குண்டா ஒல்லியா என்று சொல்லலாம், அந்த ஆள் யோக்கியனா திருடனா என்று எப்படிச் சொல்வது என்று கேட்பாள்.

நான் கணக்கு டீச்சர். கேள்வி என்றால் விடை வேண்டும் எனக்கு. இத்தனை வருஷம் பார்த்தும் ஆமாம் இல்லை என்று சொல்லத் தெரியாத படிப்பு என்ன படிப்பு, அத்தனை லட்சம் போட்டு அந்த மிஷினை எதற்கு வாங்கினார்கள் என்று அவளை நான் வம்புக்கு இழுத்திருக்கிறேன். உங்க கணக்கு மாதிரி கடைசிப் பக்கத்துல விடை அச்சடிச்சு மனுஷங்க வர்றதில்ல டீச்சரம்மா என்று அவள் திருப்பிக் கொடுத்திருக்கிறாள். அதெல்லாம் வாய்க்கு ருசியான சண்டை. என் மார்பில் ஒரு கட்டி தட்டுப்படும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

குளிக்கும்போதுதான் கையில் பட்டது. இடது பக்கம், மேலே, புளியங்கொட்டை அளவுக்கு, கெட்டியாக. வலி இல்லை. வலி இல்லாததுதான் பயம் என்று எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்து, குளியலறை முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்று எனக்கும் அவளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மாடிப்படியில் திரை போடுவது பற்றி முந்தின நாள் பெரிய தகராறு. ஈரத் தலையோடு மாடி ஏறிப் போய் அவள் முன்னால் நின்றேன். திரைக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து அவள் ஆரம்பித்தாள். நான் அவள் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

சொந்தக்காரர்களுக்குத் தானே ஸ்கேன் எடுப்பதில்லை என்று அவள் வைத்திருந்த கட்டுப்பாடு அன்று எங்கேயோ போய்விட்டது. கூட வேலை செய்கிற பெண் நான் எடுக்கிறேனே என்று கேட்டதற்கு, எங்க அண்ணியைச் சமாளிக்க உன்னால ஆகாது என்று சொல்லிவிட்டுத் தானே கருவியைக் கையில் எடுத்தாள். முதலில் மார்பை அழுத்திப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அதன் பிறகு அந்த அரை இருட்டு அறை. நான் படுத்ததும் அவள் திரை விஷயத்தைத் தொடங்கினாள். படியில் திரை போட்டால் காற்று வராது என்று நான் சொன்னது முட்டாள்தனமாம். காற்று என்ன, படி ஏறி வர அதற்கு முட்டி வலிக்குமா என்று கேட்டாள். நானும் விடவில்லை. படுத்த வாக்கிலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் கொஞ்சம் விலகிக்கூடப் போயிருந்தது. கருவி அந்த இடத்துக்கு வந்தது. ஒருமுறை போயிற்று, திரும்பி வந்தது, நின்றது.

"குளிருதா அண்ணி?" என்று கேட்டாள்.

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவள் பேச்சு நிற்கவில்லை, பாருங்கள். மற்றவர்களிடம் எப்படி நிறுத்தமாட்டாளோ அப்படியே என்னிடமும் நிறுத்தவில்லை. ஆனால் என்னிடம் அவளுக்கு இருந்த பேச்சே வேறு. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குக் குளிருகிறதா என்று அவள் கேட்டதே கிடையாது. குளிருகிறது என்று நான் சொன்னால், அதுதான் ஜன்னலை மூடச் சொன்னேன் என்பாள். மேலே ஒரு போர்வையை இழுத்துவிட்டு, திரை உங்க இஷ்டம்போலவே இருக்கட்டும் என்றாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ரிப்போர்ட் என்னத்துக்கு?

பெரிய டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். கட்டியின் ஓரம் வழவழப்பாக இல்லை, முள் முள்ளாகத் தெரிகிறது, பின்னால் நிழல் விழுகிறது, எனவே சந்தேகம் பலமாகவே இருக்கிறது. ஆனால் இது சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை, ஊசி போட்டுத் துளி சதையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும் என்றார். சந்தேகம் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தப் படத்தில் இருந்த கறுப்பு முழுவதும் பேயாகத்தான் தெரிந்தது.

ஊசிக்கு மாட்டேன் என்றேன். என் பள்ளிக்கூடத்துச் சயன்ஸ் டீச்சர், சயன்ஸ் டீச்சர்தான், ஊசி குத்தினால் அது கலைந்து உடம்பெல்லாம் பரவிவிடும் என்று சொல்லியிருந்தாள். அவளுடைய பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்றாம். இதைவிடப் பெரிய மிஷின் இருக்கிறதே, குழாய்க்குள் படுக்க வைத்து எடுப்பார்களே, அதில் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். அதற்கும் தேவை வந்தால் எடுக்கலாம், ஆனால் ஊசியின் வேலையை அது செய்யாது என்றார் டாக்டரம்மா. நான் பிடித்த பிடியில் நின்றேன். குழாய்க்குள் படுத்தேன். யாரோ தகரத்தைச் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். முடிந்து வந்த அறிக்கையில் சந்தேகம் நீங்கவில்லை, திசுவைப் பரிசோதிக்கவும் என்றுதான் இருந்தது. பெரிய மிஷினில் பெரிய நிழலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் கூடத்து ஜன்னல்கள் அத்தனையும் திறந்து கிடக்கின்றன. அவள்தான் திறந்திருக்கிறாள். அலமாரியைத் திறந்தால் துண்டுகள் எல்லாம் நீளவாக்கில் மடித்து அடுக்கியிருக்கின்றன. டீ நான் குடிக்கிற சர்க்கரையில் வருகிறது. வேலைக்குப் போகும் முன்னால் என் அருகில் வந்து நின்று, சாப்பிட்டீங்களா அண்ணி என்கிறாள். என் கணவருக்குச் சந்தேகம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும், அதன் பலம் எவ்வளவு என்று தெரியாது. அவருக்கு ஒரே சந்தோஷம். ஒரு கட்டி வந்துதான் உங்க ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கணுமா என்று சிரித்தார். எனக்கு அந்த நீளவாக்குத் துண்டுகளைத் தொடக்கூடப் பயமாக இருந்தது. வேண்டுமென்றே அவளுடைய சீப்பை எடுத்து ஒளித்து வைத்தேன். பரவாயில்லை என்று விரலால் கோதிக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் சமையலறையில் நின்று அழுதேன்.

அன்று சாயங்காலம் அவளை மாடியில் பிடித்தேன். நேராகவே கேட்டுவிட்டேன்.

"உண்மையைச் சொல்லு. கெட்டதுதானே?"

"படம்தான் அண்ணி. படத்தை வச்சு யாராலயும் சொல்ல முடியாது."

அவள் எல்லாருக்கும் சொல்கிற அதே பதில்தான். ஆனால் எல்லாருக்கும் முகத்தைப் பார்த்துச் சொல்கிறவள் எனக்குச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைப் பற்றிப் பேசினாள். சயன்ஸ் டீச்சரின் பெரியம்மாவுக்கு ஊசி குத்தியதால் பரவவில்லை, பரவிய பிறகுதான் ஊசிக்கே போயிருப்பார்கள் என்றாள்.

"குத்தினதால கெட்டுப்போனவங்களை நான் பார்த்ததில்ல அண்ணி. குத்தாம, இன்னொரு படம், இன்னொரு படம்னு ஓடினவங்களைத்தான் பார்த்திருக்கேன். நீங்க ஓடாதீங்க. நான் கூடவே இருக்கேன்."

கூடவே இருக்கிறேன் என்று அவள் சொன்னதுதான் என்னை உடைத்துவிட்டது. சரி என்றேன்.

ஊசி போட்ட அன்று கருவியை டாக்டரம்மாவே பிடித்தார். படக்காரி என் தலைமாட்டில் நின்றாள். முதலில் மரத்துப்போக ஒரு ஊசி, அதன் பிறகு தடித்த ஊசி. பேப்பரில் பின் அடிக்கிற மாதிரி டக்கென்று ஒரு சத்தம். இப்போது சத்தம் வரும் என்று ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே என் காதில் சொன்னாள். வலி என்று சொல்கிற அளவுக்கு இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தது.

சில நாள் கழித்து முடிவு வந்தது. கெட்ட அணுக்கள் எதுவும் இல்லை. கொழுப்பும் கொஞ்சம் வீக்கமும்தான் தெரிகின்றன என்று எழுதியிருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் வீட்டுப்பாடம் தள்ளுபடி செய்தேன். இவர் இனிப்பு வாங்கிவந்தார். படக்காரி ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நல்லது அண்ணி, நல்லது என்றாள். போய் டாக்டரம்மாவை ஒருதரம் பார்த்துட்டு வந்துடலாம் என்றாள். நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். துண்டுகள் இன்னும் நீளவாக்கிலேயே இருந்தன. என் சந்தோஷத்தில் பாதி அங்கேயே கழன்று விழுந்தது.

டாக்டரம்மா மேஜைமேல் படத்தையும் ஊசி அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு கணக்கை இரண்டு வழியில் போட்டால் ஒரே விடை வர வேண்டுமே டீச்சர் என்று என்னிடமே கேட்டார். படம் ஒன்று சொல்கிறது, ஊசி வேறொன்று சொல்கிறது. ஊசி சரியான இடத்தில் படாமலும் போயிருக்கலாம். படம் நம்மைப் பயமுறுத்துகிறதாகவும் இருக்கலாம். ஒத்துப்போகாதவரைக்கும் விடக்கூடாது என்றார். பிறகு, அந்த இடத்தில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அடிபட்டது. போன மழைக்காலத்தில் படக்காரி தன் அறைக்கு இரும்பு பீரோ வாங்கினாள். படி திரும்புகிற இடத்தில் அது திரும்பாது, கூலிக்கு ஆள் கூப்பிடலாம் என்றாள் அவள். அளவெடுத்துப் பார்த்துவிட்டேன், திரும்பும், நாமே தூக்கலாம் என்றேன் நான். கணக்கு டீச்சர் சொன்னால் சும்மாவா? பீரோ திரும்பியது. திரும்பும்போது அதன் முனை நெஞ்சில் வந்து இடித்து எனக்குக் கண் இருண்டுவிட்டது. வாய் திறந்தேனா? மூச்சு விடவில்லை. சொன்னால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. அந்த இடம் கத்தரிப்பூ நிறத்தில் கன்றி, மஞ்சளாகி, மறைந்தது. நானும் மறந்துபோனேன்.

இவ்வளவையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். பக்கத்தில் படக்காரி உட்கார்ந்திருந்தாள். அடிபட்ட கொழுப்பு செத்துப்போய்ச் சுருங்கினால் படத்தில் அச்சு அசலாகப் புற்றுநோய் மாதிரியே தெரிவது உண்டு என்றார் டாக்டரம்மா. எனக்கு முகம் மலர்ந்தது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். படத்தை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது என்றால் கதையை மட்டும் நம்பியும் முடிவு செய்யக் கூடாது, அடிபட்ட இடத்திலேயே மற்றதும் இருந்துவிட்டால் என்ன செய்வது, கட்டியை முழுசாக எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்போது அது யாருடைய உடம்பைப் பற்றியும் இல்லை.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். நான் காத்துக்கொண்டிருந்தேன். பீரோ விஷயம் வெளியே வந்துவிட்டது. அவள் சொன்னது சரி, நான் சொன்னது தப்பு, அதையும் மறைத்திருக்கிறேன். எங்கள் சண்டைச் சரித்திரத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அவளுக்குக் கிடைத்ததே இல்லை. ஒரு வருஷத்துக்குப் போதும். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டேண்டி, தயவுசெய்து திட்டு என்று எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. படத்தைப் பார்த்தபோது வந்த பயம் ஒன்றுமே இல்லை. நான் செத்துப்போவேன் என்று அந்த ஆட்டோவில் வரும்போதுதான் உண்மையாகவே நம்பினேன்.

ஆபரேஷன் சின்னதுதான். காலையில் போய் மாலையில் வந்துவிட்டேன். தையல் பிரிக்கிற நாளில் முடிவும் வந்திருக்கும் என்றார் சர்ஜன். அன்று இவரும் நானும்தான் அவர் அறைக்குள் போனோம். படக்காரி அதே மாடியில் நாலு கதவு தள்ளித்தான் வேலை செய்கிறாள். வாயேன் என்றதற்கு, பேஷண்ட் காத்திருக்காங்க, நீங்க போங்க என்று திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டாள்.

சர்ஜன் பேப்பரைப் புரட்டினார். செத்துப்போன கொழுப்பு, அதைச் சுற்றித் தழும்பு. கட்டி முழுவதையும் துண்டு துண்டாக்கிப் பார்த்துவிட்டார்கள், புற்றுநோய் எங்கேயும் இல்லை. இப்போது ஊசியும் ஒத்துப்போகிறது, பழைய அடியும் ஒத்துப்போகிறது, இனி வழக்கமான பரிசோதனைக்கு வந்தால் போதும் என்றார். இவர் எழுந்து சர்ஜன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு டாக்டர் என்றார். நான் பேப்பரை வாங்கிக்கொண்டு வெளியே வந்து அந்த நாலு கதவையும் ஓடாத குறையாகக் கடந்தேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடறேன்னு சொல்லியிருக்காங்க என்றாள் ஒரு பெண். நான் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நோயாளிகள் படுக்கிற கட்டிலின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் மிஷினின் திரையை அணைத்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. பேப்பரை நீட்டினேன், வாங்கவில்லை.

"நீங்களே சொல்லுங்க அண்ணி."

"ஒண்ணும் இல்லடி. வெறும் கொழுப்பு. அன்னைக்கு பீரோ இடிச்சதுதான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவளுடைய அப்பா போனபோதுகூட எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றவள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, பசையைத் துடைக்க வைத்திருக்கிற காகிதத்தை உருவி அவள் முகத்தைத் துடைத்தேன். அது துடைக்கத் துடைக்கக் கிழிந்தது. அப்போதுதான் சொன்னாள்.

"படத்தைப் பார்த்த அன்னைக்கே உங்களைப் பறிகொடுத்துட்டேன் அண்ணி. இத்தனை நாளும் பறிகொடுத்தவளாத்தான் வீட்டுல நடமாடினேன். ஊருக்கெல்லாம் படம்தான், படம்தான்னு சொல்றேன். உங்க படத்தை மட்டும் நம்பிட்டேன்."

இவள் இத்தனை பேரைப் படுக்க வைத்து, இத்தனை நிழல்களைப் பார்த்து, ஒன்றையும் முடிவு என்று எடுத்துக்கொள்ளாதவள். என்னைப் பார்க்கும்போது மட்டும் அந்தப் படிப்பெல்லாம் அவளைக் கைவிட்டிருக்கிறது. நான் போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்றுதான் அந்தத் திரையில் அவள் பார்த்திருக்கிறாள். அவளை அணைத்துக்கொண்டேன். தையல் போட்ட இடம் இழுத்து வலித்தது, பரவாயில்லை என்று இன்னும் இறுக்கிக்கொண்டேன். உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அவள் காதில் சொன்னேன். தெரியும் என்றாள்.

பிறகு மூக்கைச் சிந்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பழைய வெளிச்சம் வந்ததை அந்த அரை இருட்டிலும் பார்த்தேன்.

"பீரோ தூக்க ஆள் கூப்பிடலாம்னு அன்னைக்கு நான் சொன்னேனா இல்லையா?"

அவ்வளவுதான், அணை உடைந்தது. அடிபட்டதை ஏன் மறைத்தேன், எனக்கு மூளை இருக்கிறதா, கணக்கு டீச்சர் என்றால் பீரோவுக்கும் பாடம் நடத்துவேனா, முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை பேர் பயத்தில் வெந்திருப்போமா, சீப்பை எங்கே வைத்திருக்கிறேன், எல்லாம் வரிசையாக வந்தது. வந்த சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். தங்கம் என்று பெயர் எடுத்தவளின் இன்னொரு பக்கத்தை அன்றுதான் அவர்கள் பார்த்திருக்க வேண்டும். நான் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டு, கண்ணீர் வழிய, ஒரு வார்த்தை பதில் பேசாமல் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.